எந்த முனை முதலில்

பின்னிரவு மூன்று பத்து. பாயான் லெப்பாஸில் மழை.
சுங்கை பினாங்கு மதகில் நீர்மட்டம்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றது திரை.
மதகு: திறந்திருக்கிறது.
பம்பு: மூன்றாம் வேகம்.
பேட்டரி: இருபத்தாறு.

மதகுக் காவலர் செங்கேணியை அழைத்தேன்.
"தெறந்திருக்கா? யார் சொன்னா?
மூடித்தான் கெடக்கு லா, மேலதான் உட்காந்திருக்கேன்.
தண்ணி ஒரு வெரக்கட இருக்கும்.
பம்பு ஒண்ணாம் நம்பர்ல முனகுது."
அவர் குரலுக்குப் பின்னால் தவளைகள்.
ஐந்து மீட்டர் வெள்ளத்தில் தவளை இப்படிக் கத்தாது.

நீர்மட்டம் இரண்டு.
இரண்டைத்தான் அனுப்பியது என் கருவி, இரண்டு பைட்டாக:
சிறுமுனை முன்னே,
இரண்டு, பிறகு சுழியம்.
பட்டர்வொர்த்திலிருக்கும் பழைய கணினி
பெருமுனையிலிருந்து வாசித்துப் பழகியது.
அதற்கு அது இரண்டு இருநூற்றைம்பத்தாறுகள்.
இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

நிலைக்கு ஒரே பைட்டுதான்,
அதில் முனை மாற என்ன இருக்கிறது என்றிருந்தேன்.
எட்டு பிட்டை மூன்று அறையாகத் தடுத்திருந்தேன்:
மதகுக்கு ஒன்று, பம்புக்கு இரண்டு, பேட்டரிக்கு ஐந்து.
சுவரை எந்தக் கோடியிலிருந்து எழுப்புவது என்று
நான் சொல்லவில்லை. மொழியும் சொல்லவில்லை.
கம்பைலர் இஷ்டம்.
இங்கே வலக்கோடி, அங்கே இடக்கோடி.
பேட்டரியின் தலைப் பிட்டு மதகுக்குள் குடிபோயிற்று,
அடுத்த இரண்டும் பம்புக்குள்.
யார் கையும் படாமல்
மூடிய மதகு திறந்தது.

சோதித்தேனே! தேறியதே!
பழைய சோதனையைத் திறந்து பார்த்தேன்.
நீர்மட்டத்துக்கு நான் தந்த எண் இருநூற்றைம்பத்தேழு,
இரு பைட்டிலும் ஒன்று.
நிலைக்கு எட்டும் ஒன்றுகள்.
விகடகவி.
எந்தப் பக்கம் வாசித்தாலும் விகடகவி.
ஆறு மாதம் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது
அதற்கு.

காலையில் ஊய் பீ லெங் வந்தாள்,
கோப்பி-ஓ பொட்டலத்தை விரலில் தொங்கவிட்டு.
அவளுக்குக் குடும்பப்பெயர் தலையில்.
ஹஸ்னுலுக்கு அப்பா பெயர் வாலில்.
எனக்கும் வாலில்தான், நீலாவதி ஏ/பி சன்னாசி.
சென்னைக் கருத்தரங்கு அட்டையிலோ ச. நீலாவதி,
அப்பா முன்னால் வந்து நின்றுகொண்டார்.
விமானத்தில் "மிஸ் சன்னாசி" என்றார்கள்;
திரும்பிப் பார்க்கவே நேரமாயிற்று எனக்கு.

செங்கேணி என்று
அழைப்புப் பட்டியலில் எழுதினேன்.
பேனா கொம்பை முதலில் போட்டது, பிறகு சகரம்.
கணினியின் நினைவில் சகரம் முன்னே, கொம்பு பின்னே.
அந்த ஒரு பெயரிலேயே இரண்டு இடத்தில் இப்படி.
முதலாம் வகுப்பிலிருந்து முனை மாற்றிக்கொண்டிருந்தவளுக்கா
இது தெரியாமல் போனது?

ஸ்ட்ரக்சரை அப்படியே தூக்கி அனுப்புவதை நிறுத்தினேன்.
அது என் வீட்டு அறைக்கணக்கு,
தெருவுக்கு எதற்கு?
மதகை ஏழு இடம் இடப்புறம் தள்ளு,
பம்பை ஐந்து இடம்,
பேட்டரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
மூடிய மதகு, முதல் வேகம், நிறைந்த பேட்டரி:
சேர்த்தால் அறுபத்துமூன்று.
நாயன்மார் தொகை வந்ததற்கு நான் பொறுப்பல்ல.
நீர்மட்டத்தின் மேல் பைட்டு முதலில்,
மிச்சம் அதன் பின்.
கம்பியில் போகும் வரிசை இது ஒன்றுதான்;
அவரவர் வீட்டுக்குள் போய்
எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம்.

"இத்தனை வரியா? முன்பு ஒரே வரிதானே?" என்றாள் பீ லெங்.
ஆமாம்.
யாரும் கையெழுத்திடாத ஒப்பந்தம் ஒன்று
அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

சோதனை எண்ணையும் மாற்றிவிட்டேன்: இருநூற்றைம்பத்தெட்டு.
ஒன்று, இரண்டு.
திரும்பினால் ஐந்நூற்றுப் பதின்மூன்று,
உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் இரவு செங்கேணியே அழைத்தார்.
"ஒன் தெரையில தண்ணி எவ்ளோ?"
மூன்று.
"மதகு?"
மூடியிருக்கிறது.
"சரி. நான் இப்ப மேல இல்ல,
ஜெலுத்தோங்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.
நீயே பாத்துக்க."